பவுன்தாய்க்கு ஒரு ஏலக்காய் காப்பி

பிப்ரவரி 4, ஞாயிறு

இந்த நோட்டைத் திறப்பவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோட்டின் மேல் நிற்க வைத்தாலும் எழுத்துகள் கீழே இறங்கி நடக்கின்றன. 'ஞ' எழுதும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். சில இடத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப் பொழுது போய்விடுகிறது.

என் பெயர் வீரணன். போடியில் ஏலக்காய் மூட்டை தூக்கியவன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. போன ஆடி மாதம்தான் சத்துணவுக் கூடத்தில் நடக்கும் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். ஜெசிந்தா டீச்சர் என் மகள் வயதுக்காரர். "வாரத்துக்கு ஒருக்கா எழுதுங்கய்யா. எதை வேணாலும் எழுதுங்க. நான் சிவப்பு மையே தொட மாட்டேன்" என்று சொல்லி இந்த நோட்டைக் கொடுத்தார்.

படிக்க வந்ததிலிருந்து ஊரே வேறாகிவிட்டது. சுவர்கள் இத்தனை நாள் என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. இப்போது தெருவில் இறங்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் பேசுகின்றன. சிறு வயதிலிருந்து கும்பிடும் கோயிலில் 'இங்கே செருப்பு விடாதீர்கள்' என்று எழுதியிருக்கிறது. நான் அங்கேதான் விட்டுக்கொண்டிருந்தேன்.

என் மனைவி பவுன்தாய்க்கு உடம்பு சரியில்லை. பல வருடமாகவே வயிறு சரியில்லை, ரத்தம் இல்லை, எடை இல்லை. ஊரில் பார்க்காத வைத்தியம் இல்லை. போன ஐப்பசியில் மதுரை டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, கோதுமைதான் காரணம் என்றார். கோதுமைக்குள் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம். அது இவள் குடலை அரிக்கிறதாம். சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பன், பிஸ்கட் எதுவும் கூடாது. ஒரு துணுக்குக்கூடக் கூடாது. சாப்பிடக் கூடாதவற்றை அச்சடித்து ஒரு தாள் கொடுத்தார். வகுப்புக்கு வெளியே நான் முழுதாகப் படித்த முதல் தாள் அது. வரும் பங்குனிக் கடைசியில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். இவ்வளவு சுத்தமாக இருந்தும் உடம்பு தேறவில்லை என்றால் குடலில் வேறு ஏதோ இருக்கலாம், மறுபடி குழாய் விட வேண்டும் என்றார். அதற்கு மேலும் ஏதோ சொன்னார். அதை எழுதும் அளவுக்கு நான் இன்னும் படிக்கவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

சோறும் இட்லியும் சாப்பிட்டு வளர்ந்தவளுக்குக் கோதுமையை விடுவது பெரிய கஷ்டமில்லை. விட முடியாமல் தவித்தது காப்பியைத்தான்.

திருப்பூரில் இருக்கும் எங்கள் மகள் செண்பகம் வரும்போதெல்லாம் ஒரு பாக்கெட் கொண்டுவருவாள். சுடுதண்ணீரில் கொட்டிக் கலக்கினால் போதும், ஏலக்காய் வாசனையோடு காப்பி. பவுன்தாய் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதலில் மோந்து பார்ப்பாள். அப்புறம்தான் குடிப்பாள். டாக்டர் சொன்னதும் பயத்தில் அதையும் நிறுத்திவிட்டாள்.

காப்பியில் கோதுமை ஏது என்று நான் நினைத்தேன். பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தவமணியின் பலசரக்குக் கடைக்குப் போனேன். பின்பக்கம் எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்து. முழுக்க இங்கிலீஷ். தவமணி கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படித்தான்.

"சீனி, பால் பவுடரு, காப்பி, ஏலக்கா வாசனை, மால்ட்டு. மால்ட்டுன்னா பார்லிண்ணே."

"பார்லி ஆகாதுன்னு தாள்ல போட்டிருக்குப்பா."

"அப்ப ஆகாதுதான்."

"வேற பாக்கெட்டு இருக்கா?"

அவன் ஐந்தாறு பாக்கெட் எடுத்துப் போட்டான். வெண்ணிலா வாசனை, சாக்லேட் வாசனை, எனக்குப் பெயர் வாயில் நுழையாத ஒரு கொட்டை வாசனை. காப்பிக்கு இத்தனை வாசனை இருப்பது எனக்குத் தெரியாது. ஒன்றில் மால்ட். ஒன்றில் கோதுமை பட்ட மிஷினில் செய்தது என்று போட்டிருந்தது. மற்றவற்றில் வாசனை என்று மட்டும் இருந்தது, எதிலிருந்து எடுத்த வாசனை என்று இல்லை. ஒவ்வொன்றையும் படிக்கச் சொன்னேன்.

"அண்ணே, சாமான் வாங்க நாலு பேரு நிக்குறாக. நீ என்னையப் பரீட்சைக்கு உக்கார வச்சிருக்க" என்றான்.

ஆனாலும் படித்தான். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு பிடித் தூளுக்குள் என்னென்ன இருக்கிறது என்று, அதைச் செய்த ஊர் தெரியாதவன், செய்தவன் முகம் தெரியாதவன், போடியில் நின்றுகொண்டு சொல்கிறான்.

கடையில் அரைத்து விற்கும் தூளை வாங்கலாமா என்று பவுன்தாயிடம் கேட்டேன். "அதுல என்னத்தக் கலக்குறாகளோ. விடுங்க, எனக்கு ஒண்ணும் காப்பி வேணாம்" என்றாள்.

பிப்ரவரி 14, புதன்

இன்று பவுன்தாய் கருப்பட்டி போட்ட வெந்நீரை ஊதி ஊதிக் குடித்தாள். காப்பி என்று நினைத்துக் குடித்தால் காப்பிதானாம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

இன்று நிறைய எழுத வேண்டும். இரண்டு நாளாக எழுதினாலும் பரவாயில்லை.

கொட்டையிலிருந்து தம்ளர் வரை எல்லாம் என் கண் முன்னால் நடந்தால் பயம் ஏது என்று தோன்றியது. வியாழக்கிழமை குரங்கணிக்கு பஸ் ஏறினேன். என்னோடு மூட்டை தூக்கியவரின் மகன் அங்கே தோட்டத்தில் இருக்கிறான். தோல் நீக்கிக் காய்ந்த காப்பிக்கொட்டை கொடுத்தான். ஏலக்காய்க்கு நான் யாரிடமும் போகவேண்டியதில்லை. பச்சை குறையாத, கைக்குள் குலுக்கினால் விதை பேசுகிற காயாகப் பார்த்து எடுத்தேன்.

வறுப்பது நான் என்றேன். பவுன்தாய் நம்பவில்லை. அடுப்படிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னை மேய்த்தாள்.

"தீயக் குறைங்க."

"குறைச்சுட்டேன்."

"கையெடுக்காமக் கிண்டுங்க. மூட்ட தூக்குற மாதிரி நிக்காதீக."

இரும்புச் சட்டியில் கொட்டை முதலில் வைக்கோல் வாசனை அடித்தது. அப்புறம் சோளப்பொரி வாசனை. அப்புறம் படபடவென்று வெடித்துப் புகை கிளம்பியது. அந்தப் புகைக்குள்ளிருந்து திடீரென்று காப்பி வந்தது. அதுவரை எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஆயுள் முழுக்கக் காப்பி குடித்திருக்கிறேன், அது பிறப்பதை இன்றுதான் பார்த்தேன். கடைசியில் ஏலக்காயைப் போட்டுச் சூடு காட்டி இறக்கினேன்.

மிக்ஸியில் அரைத்தால் நறநறவென்று இருக்கும், ஃபில்டரில் சரியாக இறங்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அதனால் மைதீனின் மாவு மில்லுக்குத் தூக்கிப் போனேன். அங்கே இரண்டு மிஷின். ஒன்று மிளகாய், மல்லி, மஞ்சளுக்கு. ஒன்று மாவுக்கு. மில்லுக்குப் போகிற யாரும் முதலில் கேட்பதைத்தான் நானும் கேட்டேன்.

"மைதீனு, மொளகா மிஷின்ல போட்டுறாதப்பா. காரம் ஏறிரும்."

"எனக்குத் தெரியாதா மாமா. மாவு மிஷின்லதான் போடுவேன்."

"இதுக்கு முன்னாடி என்ன அரைச்ச?"

"கோதுமை. ஒரு வாசனை வராது, ஒரு காரம் வராது. உங்க காப்பி உங்க காப்பியாவே இருக்கும்."

மனம் நிறைந்துவிட்டது. துணிக்குழாய் வழியாகத் தூள் சுடச்சுட டின்னுக்குள் விழுந்தது. தெருவில் போன ஒருவர் நின்று மோந்துவிட்டுப் போனார்.

பவுன்தாய் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள். மோந்து பார்த்தாள். நான் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தேன். கண்ணை மூடிக் குடித்தாள்.

"எப்படி?"

"நல்லாருக்கு."

அதற்கு மேல் அவள் எதற்கும் சொல்ல மாட்டாள். எனக்கு அது போதும்.

பிப்ரவரி 25, ஞாயிறு

காலையும் மாலையும் நானே காப்பி போடுகிறேன். டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பேப்பர் படிக்கிறேன். தலைப்பு மட்டும்தான். ஆனாலும் பேப்பர்.

பவுன்தாய்க்கு இரண்டு நாளாக வயிறு உப்புசம். அடிக்கடி பின்பக்கம் போய் வந்தாள். கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். இனிக் கத்தரிக்காய் வாங்குவதில்லை.

கருவேப்பிலைச் செடியின் அடியில் மண் காப்பி நிறமாக இருந்தது. கேட்டேன். மிச்சக் காப்பி செடிக்கு நல்ல உரம் என்றாள். எத்தனை விஷயம் தெரிந்து வைத்திருக்கிறாள்.

மார்ச் 3, ஞாயிறு

வாய்க்குள் புண் வந்திருக்கிறது. சோற்றை மோர் ஊற்றிக் கரைத்துத்தான் விழுங்குகிறாள். வளையல் முழங்கை வரை ஏறிப் போகிறது. வகுப்புக்குத் தாளையும் வீட்டில் இருந்த டப்பாக்களையும் பையில் போட்டுத் தூக்கிப் போனேன். டீச்சர் ஒவ்வொன்றாகப் படித்தார். பெருங்காய டப்பாவில் வந்து நின்றார்.

"ஐயா, இதுல மைதா சேத்திருக்காங்க."

பெருங்காயத்தில் மைதா இருக்கும் என்று யார் நினைப்பார்கள். திருடனைப் பிடித்துவிட்டேன். வரும் வழியிலேயே குப்பைத் தொட்டியில் போட்டேன். ரசம் இனிப் பெருங்காயம் இல்லாமல்தான்.

பவுன்தாயிடம் சொன்னேன். "இனிமே சரியாயிரும் பாரு. காப்பியக் குடிச்சுத் தெம்பா இரு" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 7, வியாழன்

பெருங்காயம் இல்லை, கத்தரிக்காய் இல்லை. ஆனாலும் சரியாகவில்லை. இன்று துணி துவைத்தேன். அரிசி களைந்தேன். செண்பகத்துக்கு போன் போட்டு அம்மா நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன். குழாய் விடுகிற அன்றைக்கு அவளும் வர வேண்டியிருக்கும். அதைச் சொல்லவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

நேற்று நடந்ததை மெதுவாக, ஒன்றும் விடாமல் எழுதப் போகிறேன்.

காப்பித்தூள் தீர்ந்துவிட்டது. மறுபடி வறுத்து மில்லுக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு பெண் ஒரு டின் கோதுமை வைத்துக்கொண்டு நின்றாள். மைதீன் அதைக் கொட்டினான். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாவு முடிந்ததும் துணிக்குழாயைக் கையால் தட்டினான். வெள்ளையாகப் புகைந்தது. அவன் கண் இமை, மீசை எல்லாம் வெள்ளை. சுவரில் வெள்ளை. என் கையில் இருந்த பையின் மேலும் மெல்லிசாக ஒரு வெள்ளை.

அப்புறம் என் கொட்டையைக் கொட்டினான். போன முறை நான் குழாயைப் பார்க்கவில்லை, வாசனையில் மயங்கி நின்றேன். இந்த முறை பார்த்தேன். முதலில் விழுந்தது காப்பி இல்லை. வெள்ளையாக ஒரு கை அளவு விழுந்தது. அடுத்து சாம்பல் நிறம். அடுத்து செம்மண் நிறம். அதற்கு அப்புறம்தான் காப்பி வந்தது. எல்லாம் ஒரே டின்னுக்குள்.

என் காதுக்குள் மில் சத்தம் நின்றுவிட்டது.

"மாமா. மாமா. டின்ன எடுங்க, அடுத்த ஆளு நிக்குது."

"மைதீனு, முதல்ல விழுந்தது கோதுமையா?"

"பின்ன. முன்னாடி அரைச்சதோட மிச்சம் கொஞ்சம் வரும்தான. எல்லா மில்லுலயும் அப்பிடித்தான். அதுக்குத்தான மொளகா அரைச்ச மிஷினான்னு கேக்குறது."

"என் வீட்டுக்காரிக்குக் கோதுமை ஆகாதுப்பா."

அவன் மோட்டாரை நிறுத்தினான். "அதச் சொல்லவே இல்லையே மாமா" என்றான். அவன் முகம் செத்துப் போனது. காரம் வந்துவிடக் கூடாது என்று மட்டும் கேட்டவன் நான். கோதுமை என்று அவன் சொன்னதும் மகிழ்ந்தவனும் நான்தான். டின்னை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் பவுன்தாய் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "காப்பிதான்" என்று சொல்லிவிட்டு மில்லில் கண்டதைச் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"மில்லு கத எனக்குத் தெரியாது. காப்பி குடிச்சா வயிறு பொருமுதுன்னு மட்டும் தெரியும்."

"தெரிஞ்சுமா குடிச்ச?"

"முழுசாவா குடிச்சேன். பாதி கருவேப்பிலைக்குத்தான்."

"அந்தப் பாதிய ஏன் குடிச்ச?"

"எதுத்தாப்புல உக்காந்து மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா எப்பிடித் துப்புறது? கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து ஒரு வாய்க் காப்பி போட்டுக் குடுத்திருக்கீகளா எனக்கு? இப்பத்தான் போடுறீக. அதுவும் கொட்டைல இருந்து."

"எதாவது ஆகியிருந்தா?" என்றேன்.

"ஆள் சாகுற அளவுக்கெல்லாம் இல்ல உங்க காப்பி" என்று சொல்லிவிட்டு மறுபடி கல் பொறுக்கினாள்.

நேற்று ராத்திரி முழுதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். துணிக்குழாயில் ஒட்டிய தூசி. அதில் ஒரு கரண்டித் தூளுக்குள் எவ்வளவு போயிருக்கும். வடிகட்டி, பால் ஊற்றி, சீனி போட்டு, அதிலும் பாதியைச் செடிக்கு ஊற்றிய பிறகு எவ்வளவு மிஞ்சும். அவ்வளவையும் அவள் குடல் படித்துவிட்டது. எழுத்துக் கூட்டாமல், கண்ணாடி போடாமல் படித்துவிட்டது. உடம்பு என்பது இவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாது. அவளும் எனக்குத் தெரியாத அப்படி ஒரு பெரிய விஷயம்தான். இத்தனை வருடம் பக்கத்திலேயே படுத்து எழுந்திருக்கிறேன்.

மார்ச் 17, ஞாயிறு

இந்த வாரம் காப்பி இல்லை. வாய்ப்புண் ஆறுகிறது. இன்று மோர் இல்லாமல், குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள்.

பாத்திரக் கடையில் கையால் சுற்றி அரைக்கும் காப்பி மிஷின் கிடைத்தது. பழையது ஒன்று மலிவாகத் தருகிறேன் என்றார்கள். முன்பு எதை அரைத்தார்களோ, வேண்டாம் என்று புதிதாகவே வாங்கினேன். மேஜை விளிம்பில் திருகி மாட்ட வேண்டும். எங்களிடம் மேஜை இல்லை. ஜன்னல் கட்டையில் மாட்டியிருக்கிறேன். மைதீன் கேள்விப்பட்டு வந்து, திருகாணியை முறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

"என் பொழப்புல மண்ணப் போட்டீகளே மாமா" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் பவுன்தாயை நேராகப் பார்க்கவில்லை. அவளே கூப்பிட்டு முறுக்கு கொடுத்து அனுப்பினாள்.

மார்ச் 24, ஞாயிறு

வறுத்தேன். அரைத்தேன். மூட்டை தூக்கிய தோள்தான், ஆனாலும் இந்தச் சின்னக் கைப்பிடி அதை வலிக்கச் செய்துவிட்டது. தூள் மெல்ல மெல்ல இறங்கியது. முதல் துளியிலிருந்து ஒரே நிறம். குனிந்து பார்த்துக்கொண்டே சுற்றினேன்.

தம்ளரைப் பவுன்தாயிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"என்ன, கோவமா?"

"இல்ல. நீ குடி. பிடிக்கலன்னா ஊத்திரு. ஒத்துக்கலன்னா சொல்லிரு. நான் பாக்கல."

எதிரே காலண்டர் தொங்கியது. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் படித்தேன். கீழே அச்சகத்தின் முகவரி வரை படித்தேன். ஊதும் சத்தம் கேட்டது. உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. அப்புறம் என் தோளில் சூடாக ஏதோ பட்டது. தம்ளரின் அடிப்பக்கம். காலியாக இருந்தது.

"இன்னும் இருக்கா?" என்றாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

வியாழக்கிழமை மதுரை போனோம். காப்பி குடித்து வயிறு ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் பஸ்ஸில் டாக்டர் கொடுத்த தாளை நாலு தடவை எடுத்துப் படித்தேன். வெளியே வாங்கிக் குடிக்க முடியாது என்று அவளே பிளாஸ்கில் காப்பி ஊற்றி எடுத்து வந்திருந்தாள்.

டாக்டர் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். எடை மிஷினில் ஏற்றினார். நான் மில்லில் நடந்ததைச் சொன்னேன். முழுதும் கேட்டார். "ரத்தத்துல கோதுமை பட்டதைக் காட்டுற எண் இப்ப கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அது இறங்க மாசக்கணக்கு ஆகும். ஆனா காரணம் தெரிஞ்சிருச்சு, ஆளும் தேறி வர்றாங்க. குழாய் இப்ப வேண்டாம்" என்றார். நான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

ரத்தம் கொடுக்க வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஊசி குத்தி முடிந்ததும் பவுன்தாய் பிளாஸ்கைத் திறந்தாள். மருந்து நெடி அடிக்கிற அந்த வராந்தா முழுக்க ஏலக்காயும் காப்பியும் எழுந்து நின்றன. வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பினார்கள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "என்ன தூளு அக்கா இது? எந்தக் கடை?" என்று கேட்டார்.

"கடையில கிடைக்காது" என்றாள் பவுன்தாய். மூடியில் கொஞ்சம் ஊற்றி அந்த அம்மாவிடம் நீட்டினாள். "எங்க வீட்டுக்காரரு அரைச்சது."

நான் எதிர்ச் சுவரில் இருந்த 'அமைதி காக்கவும்' என்ற பலகையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

ரத்த முடிவு புதன்கிழமை வருமாம். எண் எவ்வளவாக இருந்தாலும் அதை நானே படித்து, அடுத்த ஞாயிறு இதற்கு அடுத்த பக்கத்தில் எழுதி வைப்பேன்.